எல்லாரும் நேசித்த கடை ஏன் மூடுகிறது? ஓர் ஆண்கள் ஆடைக் கடையின் கொள்முதல் கணக்கு

நல்ல ஆண்கள் ஆடைக் கடை ஒன்று மூடப்போகிறது என்று தெரிந்ததும் அதன் வாடிக்கையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது போனாலும் ஆள் இருந்தார்களே, பிறகு ஏன்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வைத்து ஒரு கடையின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியாது. கொள்முதல் ஏட்டைப் புரட்டினால்தான் தெரியும். பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே சொந்தப் பணத்தைப் போட்டுச் சரக்கு எடுத்து, அது விற்காமல் போனால் முழு நஷ்டத்தையும் தானே சுமக்கிறவர் இந்தத் தொழிலில் சின்னக் கடைக்காரர்தான். அந்தச் சுமை வருடத்துக்கு வருடம் கூடியிருக்கிறது. அதைச் சுமப்பதற்குக் கூலியாகக் கிடைத்துவந்த லாபம் மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பெரும்பாலான மூடல்களுக்குப் பின்னால் இருப்பது இந்த இரண்டும்தான் என்பது என் கருத்து.

எந்த மாதிரிக் கடையைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரே நிறுவனத்தின் துணியை விற்கும் கிளைக்கடை இங்கே பேச்சில்லை. உரிமையாளர் ஒருவர், கூட நாலைந்து பேர். ஒரு தயாரிப்பாளரிடம் சட்டை, இன்னொருவரிடம் கால்சட்டை, எங்கோ ஒரு சின்ன ஆலையில் பின்னிய ஸ்வெட்டர், வேறொருவரிடம் காலணி என்று தேடித்தேடி எடுத்து, தன் ரசனையின் கீழ் ஒரே கூரையில் கொண்டுவந்து வைப்பார். உள்ளே நுழைகிறவருக்கு அந்தத் தேர்வுதான் பிடித்துப்போகிறது. தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கையின் நீளத்தை எவ்வளவு ஏற்றலாம், இந்தத் துணி இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்றெல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். வாங்காமல் வெளியே வந்தாலும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு வருவோம். இந்த உழைப்பு எதற்கும் ரசீதில் தனி வரி கிடையாது. துணியின் விலைக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடுகிறது.

விற்பதற்கு முன் வாங்க வேண்டும்

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிட்டி உவோமோ என்ற ஆண்கள் ஆடைக் கண்காட்சி 1972-இலிருந்து நடக்கிறது. இப்போது ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூனிலும். அதையொட்டியே மிலானிலும் பாரிசிலும் ஷோரூம்கள் திறக்கின்றன. உலகெங்கும் இத்தகைய கடைகளின் நாட்காட்டி ஏறக்குறைய இதைச் சுற்றியே ஓடுகிறது. ஜனவரியில் பார்த்து ஆர்டர் கொடுக்கும் குளிர்காலச் சரக்கு ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கடைக்கு வரும். ஆனால் ஜூனிலேயே அடுத்த கோடைக்கான ஆர்டரைக் கொடுத்தாக வேண்டும். அதாவது குளிர்காலக் கோட்டு ஒன்றுகூட இன்னும் கடைக்கு வந்து சேராத நிலையில், அதற்கு அடுத்த பருவத்துக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று. மழை வருமா வராதா என்று தெரியாமல் இரண்டு போகத்துக்கும் சேர்த்து விதைப்பது போலத்தான் இது.

பணம் போகும் வழியையும் பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் ஆர்டரோடு ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்பார்கள். மீதியைச் சரக்கு கிளம்பும் முன் கட்டச் சொல்வார்கள். நன்றாகப் பழகிய கடைக்கு 30 நாளோ 60 நாளோ தவணை கிடைக்கும். குளிர்காலச் சரக்குக்கான பில் வந்து நிற்பது, கோடைச் சரக்கு தள்ளுபடியில் ஓடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில். ஒரு பருவத்தில் வந்த பணம் அடுத்த பருவத்தின் பில்லுக்குப் போகிறது; அந்தப் பருவத்தின் பணம் அதற்கடுத்ததற்கு. வியாபாரிகள் இதை ரொட்டேஷன் என்பார்கள். ரொட்டேஷன் நிற்காதவரை கடை செழிப்பாகவே தெரியும். ஒரு பருவம் சறுக்கினால் ஓட்டை அடுத்த பருவத்துக்கு நகரும். இரண்டு பருவம் சறுக்கினால் வங்கிக் கடன், கடன் அட்டை, வீட்டுப் பணம் எல்லாம் உள்ளே இறங்கத் தொடங்கும்.

பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்கு இந்தக் கத்தி இவ்வளவு கூர்மையாக இல்லை. விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை, தள்ளுபடியால் வந்த இழப்பில் ஒரு பங்கைத் தயாரிப்பாளரே ஏற்பது, சரக்கு தயாரிப்பாளருடையதாகவே இருக்க இடத்தை மட்டும் கொடுப்பது என்று பல ஏற்பாடுகளை அவர்கள் பேரம் பேசி வாங்கியிருக்கிறார்கள். பத்து கோட்டு எடுக்கிற கடைக்காரர் அப்படிக் கேட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பத்துப் பேர் பொறுத்திருந்தால் என்ன ஆகும்

இனி ஒரு சின்னக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. விற்பனை வரியை ஒதுக்கிவைத்திருக்கிறேன். கடைக்காரர் ஒரு ஜாக்கெட்டை 100-க்கு வாங்கி 220-க்கு விலை போடுகிறார். இந்தத் தொழிலில் கொள்முதல் விலையைப்போல் இரண்டு, இரண்டேகால், இரண்டரை மடங்கு வைப்பது வழக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கொள்ளை லாபமாகத் தெரியும்.

100 ஜாக்கெட் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட முதல் 10,000. முழு விலைக்கு 55 விற்கின்றன, 12,100 வருகிறது. பருவம் முடியும் வேளையில் 40 சதவீதத் தள்ளுபடியில் 30 போகின்றன, 3,960. மிச்சம் 15-ஐ 70 சதவீதம் குறைத்துத் தள்ளிவிடுகிறார், 990. மொத்தம் 17,050. முதலைக் கழித்தால் 7,050 நிற்கிறது. வாடகை, சம்பளம், மின்சாரம், கார்டு கட்டணம், தையல் திருத்தம், வட்டி, காப்பீடு எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். அவையெல்லாம் சேர்ந்து 6,500 என்றால் கடைக்காரர் கையில் 550 மிஞ்சும்.

அடுத்த வருடம் ஒரே ஒரு மாற்றம். அதே 100 ஜாக்கெட், அதே 100 வாடிக்கையாளர்கள். முழு விலை கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய பத்துப் பேர், "கொஞ்சம் பொறுத்தால் தள்ளுபடி வரும்" என்று காத்திருக்கிறார்கள். முழு விலைக்கு 45, நாற்பது சதவீதத் தள்ளுபடியில் 30, கடைசி விலைக்கு 25. வரவு 15,510. விற்பனை 9 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் போட்ட முதல் போக நிற்பது 5,510. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. செலவு அதே 6,500. இப்போது 990 நஷ்டம்.

இந்த இரண்டு வருடங்களிலும் எல்லா ஜாக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. கடையில் கூட்டம் குறையவில்லை. தள்ளுபடி நாட்களில் இன்னும் கூடியே இருந்திருக்கும். கடையை நேசித்தவர்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. அவர்களில் பத்துப் பேர் வாங்கிய தேதி மட்டும் மாறியது. அன்பு வருமானமாக மாறுவது முழு விலைக்கு விற்கும் அந்தச் சில வாரங்களில்தான். மூடப்பட்ட கடைகளைப் பற்றி எழுதப்படும் இரங்கல் குறிப்புகளில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

அந்தப் பத்துப் பேரையும் குறை சொல்ல முடியாது. காத்திருக்கச் சொல்லிப் பழக்கியது சந்தைதான். 2008 நிதி நெருக்கடியின்போது, நவம்பரிலேயே, அமெரிக்காவின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ டிபார்ட்மென்ட் ஸ்டோர் உயர்தர ஆடைகளை 70 சதவீதம்வரை குறைத்து விற்றது. பருவத்தின் நடுவில், பண்டிகைக்கும் முன்னால், அந்த அளவு தள்ளுபடி அதுவரை வழக்கத்தில் இல்லை. மற்றவர்களும் குறைக்க வேண்டியதாயிற்று. பின்னர் இணையக் கடைகள் அதையே ஆண்டு முழுவதும் நடக்கும் ஏற்பாடாக்கின. நவம்பர் இறுதியில் வரும் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி பல நாடுகளுக்குப் பரவியது. குளிர்காலக் கோட்டு கடைக்கு வந்த இரண்டு மூன்று மாதத்திலேயே, குளிர் உச்சத்துக்குப் போகும் முன்பே, அதன் விலை உடைந்துவிடுகிறது.

அளவுகள் தனிச் சிக்கல். ஜாக்கெட் ஒன்றை ஐரோப்பிய அளவுமுறையில் 46, 48 என்று 56 வரை ஆறு அளவுகளில் எடுக்க வேண்டும். இரண்டு நிறம் என்றால் பன்னிரண்டு. நடுவிலுள்ள 48, 50, 52 முதலில் போய்விடும். ஓரத்து அளவுகள் தங்கும். செட் உடைந்த பிறகு, அலமாரியில் சரக்கு நிறைய இருப்பதுபோல் தெரிந்தாலும், வருகிறவரில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது எதுவும் அதில் இருக்காது. தீர்ந்துபோன நடு அளவுகளை மட்டும் மறுபடி வரவழைக்கவும் வழியில்லை. சின்னத் தயாரிப்பாளர்கள் ஆர்டர் வந்த அளவுக்குத்தான் வெட்டித் தைத்திருப்பார்கள். காலணியில் இந்தத் தலைவலி இரண்டு மடங்கு.

கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது

முன்பெல்லாம் இந்தச் சுமைக்கு ஒரு சன்மானம் இருந்தது. யாருக்கும் தெரியாத தயாரிப்பாளரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் சில வருடங்களுக்கு அந்தப் பொருள் அந்தக் கடையில்தான் கிடைக்கும். விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடம் இருக்காது. இணையம் முதலில் தகர்த்தது இந்தத் தனியுரிமையைத்தான். கடையில் தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, அளவு எது என்று தெரிந்துகொண்டு, வாசலைத் தாண்டும் முன்பே போனில் மலிவான விலையைத் தேடுவது சாதாரணமாகிவிட்டது. தயாரிப்பாளர்களும் சொந்தத் தளம் திறந்தார்கள். மொத்த விலைக்குக் கடைக்குத் தருவதைவிட நேரடியாக விற்றால் அந்த இரண்டு மடங்கு முழுவதும் தங்களுக்கே என்ற கணக்கு அவர்களுக்கும் புரிந்தது. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் யோசிப்பேன். ஆனால் பெயர் தெரியாத காலத்தில் தன் பணத்தைப் போட்டு அவர்களை ஊருக்கு அறிமுகம் செய்த கடைக்காரர், அவர்கள் வளர்ந்த பிறகு அவர்களோடேயே போட்டி போட வேண்டியிருந்தது.

பெரிய பெயர்களும் இதே திசையில் நகர்ந்தன. நைக்கி நிறுவனம் 2017-இல், உலகெங்கும் தன் சரக்கை விற்ற சுமார் 30,000 விற்பனையாளர்களில் 40 பேர் மீதே கவனம் குவிக்கப்போவதாக முதலீட்டாளர்களிடம் சொன்னது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல சின்னக் கடைகளின் கணக்கு மூடப்பட்டது. பிறகு விற்பனை தளர்ந்தபோது நைக்கி மறுபடி மொத்த விற்பனைப் பக்கம் திரும்பியது. அதற்குள் கதவடைத்த கடைகளுக்கு அதனால் பயனில்லை.

இணையச் சந்தைகள் ஒரு மாற்று வழி காட்டியதாகத் தோன்றியது. ஜோசே நெவெஸ் 2007-இல் தொடங்கிய ஃபார்ஃபெட்ச், தனிக்கடைகளின் சரக்கை உலகம் முழுவதற்கும் காட்டும் தளமாக வளர்ந்தது. சிறு கடைகளுக்கு முதலில் அது நல்ல வரவாகவே இருந்தது. கமிஷன் போகும் என்பது ஒருபுறம். ஒரே சட்டையை எல்லாக் கடைகளும் ஒரே திரையில் விற்கும்போது, கடையின் ரசனை, உபசரிப்பு, அளவு பார்க்கும் கை எதுவும் திரையில் தெரியாது. விலை மட்டும் தெரியும். 2018-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அந்த நிறுவனத்தையே 2023 இறுதியில் தென்கொரியாவின் இணைய வணிக நிறுவனம் கூபாங் கைதூக்கிவிட வேண்டியதாயிற்று.

விம்பிள்டனில் 1987-இல் சின்னக் கடையாகத் தொடங்கிய மேட்சஸ் இன்னும் தெளிவான உதாரணம். இணையத்தில் பெரிதாக வளர்ந்து, 2017-இல் ஏபாக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போய், 2023 டிசம்பரில் ஃப்ரேசர்ஸ் குழுமத்திடம் கைமாறி, 2024 மார்ச்சில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. சரக்கு கொடுத்த பல சின்னத் தயாரிப்பாளர்களுக்குப் பணம் வரவில்லை. கனடாவின் மான்ட்ரியாலில் 2003-இல் தொடங்கிய எஸ்சென்ஸ் என்ற இணைய ஆடைக் கடை 2025 ஆகஸ்டில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்குச் சுங்கம் இல்லை என்ற அமெரிக்கச் சலுகை அதே மாதம் 29-ஆம் தேதி எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. எல்லை தாண்டி அனுப்பித் தாக்குப்பிடித்த சின்னக் கடைகளுக்கும் அது பெரிய அடி. சின்னக் கடையை விழுங்கியதாகச் சொல்லப்பட்ட பெரிய தளங்களும் அதே சரக்குத் தேக்கத்திலும் தள்ளுபடியிலும் சிக்கித் திணறியதைப் பார்க்கும்போது, சிக்கல் கடையின் அளவைவிட ஆழத்தில் இருப்பது புரிகிறது.

சூட் போனபோது கூடவே போனவை

உடை மாறியதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம், விலைவாசியைக் கணிக்க மக்கள் வழக்கமாக வாங்கும் பொருட்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. 1947-இலிருந்து ஏதாவது ஒரு வடிவில் அதில் இருந்துவந்த ஆண்கள் சூட் 2022-இல் நீக்கப்பட்டது. பதிலாக ஃபார்மல் ஜாக்கெட் அல்லது பிளேசர் வந்தது. கோல்ட்மன் சாக்ஸ் வங்கி 2019-இலேயே உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தது. கொரோனா வந்து அலுவலகங்களைக் காலிசெய்த 2020-இல், 1818-இல் தொடங்கிய அமெரிக்க ஆடை நிறுவனமான ப்ரூக்ஸ் பிரதர்ஸும், மென்ஸ் வேர்ஹவுஸ் கடைகளை நடத்திய டெய்லர்ட் பிராண்ட்ஸும் திவால் பாதுகாப்புக் கோரின.

சூட் விற்பனை குறைந்தது என்பதோடு இது நிற்கவில்லை. சூட் வாங்குகிறவர் கடைக்கு வந்தே ஆக வேண்டும். தோளும் மார்பும் இடுப்பும் பொருந்துகிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கையை ஏற்றவும் காலைச் சுருக்கவும் மறுபடி வர வேண்டும். அந்த இரண்டாவது வருகையில்தான் சட்டையும் டையும் பெல்ட்டும் சேர்ந்து விற்கும். அளவுக் குறிப்பு ஏட்டில் ஏறும். அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போக மாட்டார். எஸ், எம், எல் என்று மூன்று எழுத்தில் அளவு முடிந்துபோகும் ஸ்வெட்ஷர்ட்டுக்கு இது எதுவும் தேவையில்லை. வீட்டிலிருந்தே வாங்கலாம், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பலாம். கடையின் மிகப் பெரிய திறமைக்கு இருந்த தேவையே சுருங்கிவிட்டது.

வாடகையைப் பற்றி எல்லாரும் பேசுவதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒப்பந்தம் பல வருடங்களுக்குப் போடப்படுவதாலும், அதற்கு உரிமையாளரே சொந்தப் பொறுப்பில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருப்பதாலும், நஷ்டம் தெரிந்த அன்றே கடையைக் கட்டிவிட முடியாது. அதனால்தான் பல மூடல்கள் ஒப்பந்தம் முடியும் தேதியோடு ஒட்டி வருகின்றன.

எல்லா மூடலும் தோல்வி அல்ல. பாரிசின் கொலெத், 1997-இலிருந்து உலகமே திரும்பிப் பார்த்த கடை, 2017 டிசம்பர் 20-இல் நின்றது. அதை மகளோடு சேர்ந்து நடத்திய கொலெத் ருசோ ஓய்வெடுக்க விரும்பினார்; அவர் இல்லாமல் அந்தக் கடை இருக்க முடியாது என்று அறிவித்தார்கள். தேர்வு ஒருவரின் கண்ணில் இருக்கும்போது அதை வேறொருவருக்கு விற்க முடியாது. அந்த இடத்துக்குப் பின்னர் சான் லோரான் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனம் வந்தது. பெயரும் இடமும் கைமாறலாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்த மனிதரைக் கைமாற்ற முடியாது.

மூடும் விதம்

திட்டமிட்டு மூடும் கடைக்காரர் ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பே முடிவெடுத்துவிடுவார். அடுத்த பருவத்து ஆர்டரைக் கொடுக்க மாட்டார். இருக்கிற சரக்கை நிதானமாக விற்று, தயாரிப்பாளர், ஊழியர், வங்கி என்று ஒவ்வொருவர் கணக்கையும் தீர்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பார். இதைச் செய்து முடிக்கிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு; நம்பிக்கையை விட முடியாமல் கடைசி ஆர்டரையும் கொடுத்துவிடும் தூண்டுதல் அவ்வளவு பலமானது. அந்த ஆர்டரைக் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் நீதிமன்றத்தில் போய் நிற்கிறார்கள். அப்போது அடமானம் வைத்திருக்கும் வங்கி முன்னால் நிற்கும். ஊழியர் சம்பளத்துக்குப் பல நாடுகளில் ஓரளவு முன்னுரிமை உண்டு. சரக்குக் கொடுத்தவரும், பரிசுக் கூப்பன் வைத்திருப்பவரும், தைக்கக் கொடுத்து முன்பணம் கட்டியவரும் வரிசையின் கடைசியில்தான். ஆகவே பிடித்த கடையின் கூப்பன் கையில் இருந்தால் வைத்திருக்காமல் பயன்படுத்திவிடுங்கள்.

தப்பிப் பிழைக்கும் கடைகள் பெரும்பாலும் சரக்குச் சுமையை எப்படியோ குறைத்தவை. அளவெடுத்துத் தைத்துத் தருவது ஒரு வழி. கடையில் அளவு பார்க்கும் மாதிரிகளும் துணிப் புத்தகங்களும் இருந்தால் போதும். முன்பணம் வாடிக்கையாளர் தருகிறார். மிஞ்சிப்போகும் அளவு என்று ஒன்று இல்லை. சொந்தப் பெயரில் தைத்து விற்பது இன்னொன்று. லாபம் கூடும், விலையை யாரும் ஒப்பிட முடியாது. ஹராஜுகுவில் 1976-இல் சின்னக் கடையாகத் தொடங்கிய ஜப்பானின் பீம்ஸ், பிறரின் பொருட்களோடு தன் பெயரில் தைத்தவற்றையும் விற்று வளர்ந்தது. ஆனால் சொந்தத் தயாரிப்புக்குப் பெரிய முதல் வேண்டும். பிறர் பொருளைக் கண்டுபிடித்துக் காட்டும் வேலையும் அங்கே மெல்ல மெல்லக் குறைந்துபோகும்.

அந்த வேலை குறைவதால் வரும் பாதிப்பு கடையோடு நிற்பதில்லை. துணி ஆலை ஒரு குறைந்தபட்ச மீட்டருக்குக் கீழே நெய்யாது. தையல் கூடம் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே வெட்டாது. முப்பது கடைகள் எடுத்துவந்த ஒரு சின்னத் தயாரிப்பாளருக்கு இருபதுதான் மிஞ்சினால், அந்த இருபதின் ஆர்டரைச் சேர்த்தாலும் சில துணிகளுக்குக் குறைந்தபட்சம் எட்டாது. அந்த வடிவங்களை அவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். மீதியின் விலையைக் கூட்டுவார். மூடாமல் நிற்கும் கடைகளுக்கு, ஆர்டர் கொடுத்து முன்பணமும் கட்டிய பிறகு, "இந்தப் பருவம் இந்தக் கோட்டு வராது" என்ற தகவல் வரும். அந்தக் கோட்டுக்காகவே காத்திருந்த வாடிக்கையாளருக்குக் காட்ட, அலமாரியில் வேறெதுவும் இருக்காது.